பொன்னும் விரல் கறையும்: இடைக்கால ஐரோப்பாவின் மணிநேரச் செபநூல்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த நூல்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது பொன். எனக்கு அதைவிடப் பிடித்தது பக்கத்தின் கீழ் மூலையில் படிந்திருக்கும் கறை. ஏன் என்பது போகப்போகப் புரியும்.

மணிநேரச் செபநூல் என்றால் என்ன?

துறவு மடங்களில் நாளை எட்டு வேளைகளாகப் பிரித்து, வேளை தவறாமல் கூடித் திருப்பாடல்களைப் பாடுவார்கள். மடத்துக்கு வெளியே குடும்பம் குட்டியோடு வாழ்ந்தவர்களுக்கும் அந்த ஒழுங்கின்மேல் ஆசை வந்தது. ஆனால் குருக்களின் செபநூல் பெரியது. நாளுக்கு நாள் மாறும். எந்த நாளுக்கு எதைப் படிப்பது என்று கற்றுக்கொள்ளவே காலம் ஆகும். அதிலிருந்து மரியன்னைக்கு உரிய சிறிய செபத்தொகுதியை மட்டும் எடுத்து, இன்னும் சில செபங்களைச் சேர்த்து, வீட்டில் தனியாகப் படிக்கத் தோதாகக் கட்டியதுதான் மணிநேரச் செபநூல்.

13-ஆம் நூற்றாண்டில் தனி நூலாக உருவெடுத்தது. 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பிய வீடுகளில் இதற்கு ஈடான நூல் இல்லை. ஒரு வீட்டில் ஒரே ஒரு நூல் இருந்தால் பெரும்பாலும் அது இதுவாகத்தான் இருக்கும். இடைக்காலச் சுவடிகளில் இன்று மிகுதியாக எஞ்சியிருப்பதும் இந்த வகையே, ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இங்கிலாந்தில் செய்யப்பட்டு இன்று கிடைப்பவற்றில் மிகப் பழையது, 1240 வாக்கில் ஆக்ஸ்போர்டில் வில்லியம் டி பிரெய்ல்ஸ் என்ற ஓவியர் செய்தது. அதற்குள் செபிப்பவராக வரையப்பட்டிருப்பவர் ஒரு பெண்.

எட்டு வேளைகள் எவை?

மாட்டின்ஸ், லாட்ஸ், ப்ரைம், டெர்ஸ், செக்ஸ்ட், நோன், வெஸ்பர்ஸ், காம்ப்ளின். முதலாவது இரவுச் செபம், இரண்டாவது விடியலுக்கு. ப்ரைம், டெர்ஸ், செக்ஸ்ட், நோன் என்பவை விடிந்ததிலிருந்து எண்ணும் முதல், மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மணிகள். வெஸ்பர்ஸ் மாலைக்கு, காம்ப்ளின் படுக்கப் போகும் முன்.

வேளைக்கு ஒரு படம் என்பது வழக்கம். மாட்டின்சுக்கு வானதூதர் மரியாவிடம் செய்தி சொல்வது. லாட்சுக்கு மரியா எலிசபெத்தம்மாளைச் சந்திப்பது. ப்ரைமுக்கு இயேசு பிறப்பு. டெர்சுக்கு இடையர்களுக்குச் செய்தி, செக்ஸ்டுக்கு மூன்று ராசாக்கள், நோனுக்குக் கோவிலில் காணிக்கையாக்குவது, வெஸ்பர்சுக்கு எகிப்துக்குத் தப்பி ஓடுவது, காம்ப்ளினுக்கு மரியாவுக்கு முடிசூட்டுவது. பக்க எண் இல்லாத காலம் அது. படத்தைப் பார்த்துத்தான் வேளையைக் கண்டுபிடிப்பார்கள். அதனால் படம் அழகுக்கு மட்டும் இல்லை, அடையாளக் குறியாகவும் வேலை செய்தது.

வேறு என்னென்ன இருக்கும்?

முதலில் நாட்காட்டி. அப்புறம் நான்கு நற்செய்திகளிலிருந்து சில பகுதிகள், மரியன்னையிடம் வேண்டும் இரண்டு நீண்ட செபங்கள், மேலே சொன்ன எட்டு வேளைகள், சிலுவைக்கும் தூய ஆவிக்கும் குறுஞ்செபங்கள், மனம் வருந்திப் பாடும் ஏழு திருப்பாடல்கள், புனிதர்களின் மன்றாட்டு மாலை, இறந்தவர்களுக்கான செபம், கடைசியில் ஒவ்வொரு புனிதரிடமும் தனித்தனியே வேண்டிக்கொள்ளும் சிறு செபங்கள்.

அந்தக் கடைசிப் பகுதிதான் வீட்டு மக்களுக்கு மிக நெருக்கமானது என்பது என் எண்ணம். பல்வலி வந்தால் புனித அப்போலோனியா. குறட்டில் பிடித்த பல்லோடு நிற்பார். கொள்ளைநோய்க்குச் செபஸ்தியார். பிரசவத்துக்கு மார்கரெட், பறவைநாகத்தின் வயிற்றைப் பிளந்துகொண்டு முழுசாக வெளியே வந்தவர் என்பதால். பயணம் கிளம்பும் முன் கிறிஸ்டோபர். மருந்தும் மருத்துவரும் அரிதாக இருந்த வீட்டில் இந்தப் பக்கங்களை எத்தனை இரவுகள் திறந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

மடத்துத் துறவிகள்தானே எழுதினார்கள்?

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். பழைய நூற்றாண்டுகளுக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால் மணிநேரச் செபநூல்களின் காலத்தில் இது நகரத்துக் கடைத்தெருத் தொழில். பாரிசில் நோத்ர தாம் பேராலயத்துக்கு எதிரே இருந்த தெருவில் நூல் வணிகர்கள் கடை போட்டிருந்தார்கள். வாடிக்கையாளர் வந்து, என்ன அளவு, எத்தனை படம், எவ்வளவு பொன் என்று பேசி முடிப்பார். கடைக்காரர் தோல்தாளை ஒருவரிடமும், எழுத்தை இன்னொருவரிடமும், ஓரப் பூவேலையை மற்றொருவரிடமும், பெரிய படங்களைத் தேர்ந்த ஓவியரிடமும் கொடுத்து வாங்கிக் கட்டுவார்.

எழுதுபவர் படத்துக்கு இடம் விட்டு எழுதுவார். பெரிய எழுத்து வரவேண்டிய கட்டத்துக்குள் பொடியாக அந்த எழுத்தைக் குறித்து வைப்பார், ஓவியர் தவறாக வரைந்துவிடக் கூடாது என்று. சில சுவடிகளில் அந்தப் பொடி எழுத்து இன்னும் அழியாமல் நிற்கிறது.

15-ஆம் நூற்றாண்டில் இன்றைய பெல்ஜியத்தின் ப்ரூஷ், கென்ட், பிரான்சின் ரூவான் ஆகிய ஊர்கள் இத்தொழிலில் பெயர் பெற்றன. ப்ரூஷில் படங்களைத் தனித் தாள்களில் வரைந்து வைத்து, பிறகு நூலுக்குள் செருகிக் கட்டும் முறை பரவியது. வெளியூர்த் தாள்கள் வந்து பிழைப்பைக் கெடுக்கின்றன என்று உள்ளூர் ஓவியர்கள் முறையிட்டு, 1420-களில் அதற்குக் கட்டுப்பாடும் வாங்கினார்கள்.

பெண்கள் இந்த வேலையில் இருந்தார்களா?

இருந்தார்கள். ழான் த மொன்பாஸ்தோன் என்ற பெண் பாரிசில் கணவர் ரிஷாரோடு சேர்ந்து நூல்களுக்கு ஓவியம் தீட்டினார். கணவர் இறந்த பிறகு 1353-இல் தன் சொந்தப் பெயரில் நூல் வணிகராக உறுதிமொழி எடுத்துத் தொழிலைத் தொடர்ந்தார். அவர்கள் தீட்டிய ஒரு கதைச் சுவடியின் ஓரத்தில், ஓர் ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு மேசையில் வேலை செய்கிறார்கள். பின்னால் கொடியில் தாள்கள் காய்கின்றன. அது அவர்களே என்றுதான் பலரும் கருதுகிறார்கள். ப்ரூஷ் ஓவியர் சங்கத்தின் பட்டியலிலும் பெண் பெயர்கள் ஏராளம்.

இதைவிட என்னை அசைத்தது ஒரு பல். ஜெர்மனியில் டால்ஹைம் என்ற ஊரில் ஒரு பழைய பெண்கள் மடத்தின் இடுகாடு. அங்கே புதைக்கப்பட்ட, 45 முதல் 60 வயதுக்குள் இறந்த ஒரு பெண்ணின் பற்காரையில் நீலத் துகள்கள் இருந்தன. 2019-இல் வெளியான ஆய்வு, அவை லாபிஸ் லாஜுலி என்ற விலையுயர்ந்த நீலக்கல்லின் துகள்கள் என்று காட்டியது. தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கியபோது போயிருக்கலாம். அவர் வாழ்ந்தது மணிநேரச் செபநூல்களுக்கு முந்தைய காலம், 12-ஆம் நூற்றாண்டு தாண்டாது. பெயர் தெரியாது, எந்தச் சுவடியிலும் கையெழுத்து இல்லை. வாயில் ஒட்டிய நீலம் மட்டும் மிச்சம்.

எதில் எழுதினார்கள்? காகிதமா?

பெரும்பாலும் தோல். கன்று, செம்மறி, வெள்ளாடு. தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு முடியைச் சுரண்டி எடுப்பார்கள். பிறகு மரச்சட்டத்தில் நாலா பக்கமும் இழுத்துக் கட்டி, பிறைநிலா வடிவக் கத்தியால் இரு பக்கமும் வழித்து, மறுபடி இறுக்கி, மறுபடி வழித்து, இழுத்த நிலையிலேயே காயவிடுவார்கள். தோல் பதனிடுவது வேறு, இது வேறு. முடி இருந்த பக்கம் சற்று மஞ்சளாக இருக்கும், உற்றுப் பார்த்தால் மயிர்க்கால் புள்ளிகள் தெரியும். சதைப் பக்கம் வெளுத்து மென்மையாக இருக்கும். நல்ல கட்டுநர் விரித்த இரு பக்கமும் ஒரே நிறமாக வரும்படி, முடிப்பக்கத்துக்கு எதிரே முடிப்பக்கத்தையே வைப்பார்.

மை செய்யும் பொருள்கள் நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பவைதான்: மாசிக்காய், அன்னபேதி, வேலம்பிசின். மாசிக்காயை இடித்து ஊறவைத்த நீரில் அன்னபேதியைப் போட்டால் கறுக்கும். பிசின் அதைத் தாளில் பிடித்து வைக்கும். எழுதும்போது வெளிறி இருந்து, காற்றுப் பட்டதும் கருகருவென்று ஆகும்.

அந்த நீலம் எங்கிருந்து வந்தது?

மிக உயர்ந்த நீலம் ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைச் சுரங்கங்களிலிருந்து வந்த லாபிஸ் லாஜுலி. கடல் தாண்டி வந்ததால் அதற்கு 'கடலுக்கு அப்பால்' என்ற பொருளிலேயே பெயர் வந்தது: அல்ட்ராமரீன். கல்லை வெறுமனே அரைத்தால் சாம்பல் கலந்த மங்கல் நீலம்தான் வரும். அரைத்த பொடியைப் பிசின், மெழுகு சேர்த்து மாவு போலப் பிசைந்து, சாம்பல்காரத் தண்ணீருக்குள் வைத்துக் கசக்க வேண்டும். அழுக்கு மாவிலேயே நின்றுவிடும், நீலம் மட்டும் தண்ணீரில் இறங்கி அடியில் படியும். முதல் கசக்கலில் இறங்குவதுதான் உயர்தரம். விலை எட்டாதவர்கள் ஐரோப்பாவிலேயே கிடைத்த செம்புத்தாது நீலமான அசுரைட்டைப் பயன்படுத்தினார்கள்.

சிவப்புக்குப் பாதரசமும் கந்தகமும் சேர்த்துச் செய்த சாதிலிங்கம். அல்லது ஈயத்தைச் சுட்டு எடுத்த ஈயச் செந்தூரம். இந்தச் செந்தூரத்தின் லத்தீன் பெயர் மினியம். அதைக் கொண்டு தீட்டிய சுவடிப் படத்துக்கு வந்த பெயர்தான் மினியேச்சர். சின்னது என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. மஞ்சளுக்கு அரிதாரம். பச்சைக்குச் செம்பைக் காடியின் ஆவியில் வைத்து எடுத்த களிம்பு. பல சுவடிகளில் அந்தப் பச்சையே தாளை அரித்துத் தின்றிருக்கிறது.

நம் பக்கத்திலிருந்து போனதும் ஒன்று உண்டு. இளஞ்சிவப்புச் சாயத்துக்குப் பயன்பட்ட பிரேசில் கட்டை அப்போது தென் அமெரிக்காவிலிருந்து வரவில்லை. அது ஆசியாவின் சப்பங்க மரம்; கேரளத்தில் குடிதண்ணீரில் போட்டுக் கொதிக்கவைக்கும் அதே பதிமுகம். இத்தாலிய வணிகர்கள் அதில் ஒரு தரத்தைக் கொல்லம் துறைமுகத்தின் பெயராலேயே அழைத்தார்கள். பிரேசில் நாட்டுக்கே அந்தப் பெயர் வந்தது, அங்கே இதே போன்ற மரத்தைக் கண்டதால்தான்.

பொன் நிஜப் பொன்னா? எப்படி ஒட்டினார்கள்?

நிஜப் பொன்தான். மூச்சு விட்டாலே பறந்துபோகும் அளவுக்கு அடித்து மெல்லியதாக்கிய தகடு. முதலில் பொன் வரவேண்டிய இடத்தில் ஒரு பசையைப் பூசுவார்கள்: சாந்து, ஈய வெள்ளை, விலங்குப் பசை, கொஞ்சம் சர்க்கரை அல்லது தேன், பெரும்பாலும் செம்மண் நிறம் வர ஒரு களிமண். அது காய்ந்து சிறு மேடாக நிற்கும். தகடு வைக்கப் போகும் அந்த நொடியில் ஓவியர் குனிந்து அதன்மேல் வாயால் ஊதுவார். மூச்சின் ஈரத்தில் சர்க்கரை இளகி மேடு பிசுபிசுக்கும். உடனே தகட்டை வைத்து அழுத்துவார். பிறகு நாய்ப்பல்லோ வழுவழுப்பான கல்லோ கொண்டு பளபளக்கத் தேய்ப்பார்.

பொன் முதலில், நிறம் அப்புறம். வரிசை மாறினால் தகடு நிறத்தின்மேலும் ஒட்டும், தேய்க்கும்போது படமும் போகும். மேடாக இருப்பதால் பக்கத்தை லேசாகச் சாய்த்தாலே ஒளி ஓடும். மெழுகுவத்தி வெளிச்சத்துக்காகச் செய்தது அது. திரையில் நாம் பார்க்கும் அசையாத மஞ்சளில் அதன் பாதிகூட இல்லை. பொடித்த பொன்னைப் பிசினோடு குழைத்துத் தூரிகையால் தீட்டுவது இன்னொரு முறை. அதைச் சிப்பி ஓட்டில் வைத்துக் குழைத்ததால் சிப்பிப் பொன் என்பார்கள்.

செபநூலின் ஓரத்தில் நத்தையும் குரங்கும் ஏன்?

கவசம் பூண்ட வீரன் நத்தையோடு போரிடுகிறான், முயல் வேட்டைக்காரனைக் கட்டி இழுத்துப் போகிறது, குரங்கு மருத்துவராகச் சிறுநீர்க் குப்பியைப் பார்க்கிறது. இதற்கு ஒரே விடை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உலகம் தலைகீழானால் எப்படி இருக்கும் என்ற விளையாட்டு உண்டு. பழமொழிகள் உண்டு. பக்கத்தில் எழுதிய சொல்லோடு சிலேடை உண்டு. வாசிப்பவர் அந்தப் பக்கத்தை நினைவில் வைக்க உதவியது என்பதும் உண்டு. புனிதத்தின் நடுவே சிரிப்பு வந்தால் பக்தி குறைந்துவிடும் என்று அவர்கள் நினைக்கவில்லை. கோவில் தூணில் கூத்துக்காரனைச் செதுக்கி வைக்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மிகப் புகழ்பெற்ற நூல் எது?

'த்ரே ரிஷ் எர்', அதாவது மிகச் செழிப்பான மணிநேரங்கள். பிரான்சின் பெர்ரி கோமகன் ஜானுக்காக, நைமேகன் ஊரிலிருந்து வந்த லிம்பர்க் சகோதரர்கள் பால், ஹெர்மன், ஜான் மூவரும் 1411 வாக்கில் தொடங்கியது. கோமகனுக்கும் அவர்களுக்கும் நல்ல ஒட்டுதல் இருந்தது. 1411 புத்தாண்டுப் பரிசாக அவர்கள் கொடுத்தது நூல் போல வண்ணம் பூசிய ஒரு மரக்கட்டை, திறக்கவே முடியாது. அப்படி விளையாடும் உரிமை இருந்திருக்கிறது.

1416-இல் கோமகனும் இறந்தார், மூன்று சகோதரர்களும் அதே ஆண்டில் இறந்தார்கள். கட்டப்படாத தாள்களாக ஒரு பெட்டிக்குள் கிடந்த நூலை, 1480-களில்தான் ழான் கொலோம்ப் என்ற ஓவியர் முடித்தார். 206 தாள்கள். 1856-இல் ஓமால் கோமகன் வாங்கினார். இப்போது பாரிசுக்கு வடக்கே ஷான்டியியில் உள்ள கோண்டே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் எழுதிவைத்த உயிலின்படி அங்கிருந்து வெளியே போகக் கூடாது.

பிப்ரவரிப் பக்கத்தை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். பனி மூடிய பண்ணை. குடிசைக்குள் கணப்பருகே உட்கார்ந்து துணியைத் தூக்கிக் கால் காய்கிறார்கள். முற்றத்தில் பறவைகள் தானியம் பொறுக்குகின்றன. தேன்கூடைகளின் மேலும் பனி. போர்த்திக்கொண்டு வரும் ஒருவர் கையை வாயருகே வைத்து ஊத, மூச்சு ஆவியாகத் தெரிகிறது. தூரத்தில் ஒருவன் கழுதையை ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறான். குளிரை இவ்வளவு நெருக்கமாக வரைந்தவர் அந்தக் குளிரில் நின்றவராகத்தான் இருக்க வேண்டும்.

அது தவிர எவற்றைப் பார்க்கலாம்?

எனக்கு மிகவும் பிடித்தது பிரான்சின் அரசி ழான் தெவ்ரோவின் நூல். ழான் புசெல் 1324-க்கும் 1328-க்கும் இடையில் வரைந்தது. பக்கம் 9.2 செ.மீ. உயரம், 6.2 செ.மீ. அகலம், உள்ளங்கையில் மறைந்துவிடும். உருவங்கள் பெரும்பாலும் சாம்பல் நிறத்தில், சிலை போல. மாட்டின்ஸ் பக்கத்தில் பெரிய 'டி' எழுத்துக்குள் அரசியே மண்டியிட்டுக் கையில் நூலோடு இருக்கிறார். நூலுக்குள் நூல்! இப்போது நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் க்ளாய்ஸ்டர்ஸ் பிரிவில் உள்ளது.

அதே நகரில் மார்கன் நூலகத்தில் கிளீவ்ஸ் கேத்தரினின் நூல், 1440 வாக்கில் உத்ரெக்ட் நகரில் செய்தது. ஓவியரின் பெயர் தெரியாது. புனித அம்புரோஸைச் சுற்றிலும் ஓரத்தில் வாய் திறந்த சிப்பிகள். புனித பர்த்தலோமேயுவைச் சுற்றிலும் முறுக்கு ரொட்டிகள். தொட்டால் கையில் வரும் போலிருக்கும். ப்ரூஷில் 1470 வாக்கில் செய்த கறுப்புச் செபநூலும் அங்கேதான்: கறுப்பாக்கிய தோலில் பொன், வெள்ளி எழுத்து. கறுப்பாக்கிய இரும்புச் சாயமே தோலை அரித்துக்கொண்டிருப்பதால் அது மிக நொய்ந்துபோயிருக்கிறது.

வியன்னாவில் பர்கண்டி மேரியின் நூலில் ஒரு பக்கம்: சன்னலோரம் ஒரு பெண் நூல் படிக்கிறாள், மடியில் நாய்க்குட்டி, பக்கத்தில் கண்ணாடிக் குவளையில் மலர். சன்னலுக்கு அப்பால் தெரு இல்லை. பெரிய ஆலயம், அங்கே மரியன்னை குழந்தையோடு அமர்ந்திருக்கிறார். படிக்கும்போது மனக்கண்ணில் தெரிவதை அப்படியே சன்னலாக்கிவிட்டார் ஓவியர். செடிகொடி பிடித்தவர்களுக்கு பிரான்சின் அரசி பிரித்தானி அன்னாவின் நூல். ழான் பூர்திஷோன் 1503 முதல் 1508 வரை வரைந்த அதில் முந்நூறுக்கும் மேற்பட்ட செடிகள், பெயரோடு.

அரசிகளிடமும் கோமகன்களிடமும் மட்டும்தான் இருந்ததா?

இல்லை. 14-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே நகரத்து வணிகர் மனைவிமாருக்கு இது வேண்டியிருந்தது. யூஸ்தாஷ் தெஷாம் என்ற பிரெஞ்சுக் கவிஞர், பொன்னும் நீலமும் மின்னும் செபநூல் எனக்கு வேண்டும் என்று அடம்பிடிக்கும் மனைவியைப் பாட்டிலேயே வைத்திருக்கிறார். 15-ஆம் நூற்றாண்டில் ஆயத்தமாகச் செய்து கடையில் வைத்து விற்றார்கள். படம் குறைவு, பொன் குறைவு, தோல் முரடு. ஆனாலும் செபம் அதேதான். தாய் இறக்கும்போது மகளுக்குப் போகும் சொத்து இது.

லத்தீன் தெரியாமல் எப்படிப் படித்தார்கள்?

செபங்கள் காதில் விழுந்து மனப்பாடம் ஆனவை. கண்ணால் பின்தொடர்ந்து வாயால் சொல்ல முழு லத்தீன் புலமை தேவைப்படவில்லை. பிள்ளைகள் எழுத்துக் கற்றதும் இந்த நூல்களில்தான். அன்னம்மாள் மடியில் நூலை விரித்து மகள் மரியாவுக்குப் படிப்புச் சொல்லித் தரும் படம் அந்தக் காலத்தில் பெருகியதற்கு வீடுகளில் நடந்ததே காரணம். நெதர்லாந்துப் பகுதியில் மட்டும் மொழியே மாறியது: 1384-இல் இறந்த கீர்ட் குரோட்ட இந்தச் செபங்களை டச்சு மொழியில் தந்தார், அது ஊரெங்கும் பரவியது.

பெயர் எழுதாத நூல் யாருடையது, எந்த ஊருடையது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நாட்காட்டியில் ஆரம்பிப்பார்கள். பெருவிழாக்களைச் சிவப்பிலோ பொன்னிலோ எழுதுவது வழக்கம். சனவரி 3-இல் புனித ஜெனவீவ் பொன்னில் இருந்தால் பாரிஸ் பக்கம் பார்க்க வேண்டும். செபங்களின் சில வரிகளும் ஊருக்கு ஊர் மாறும்: பாரிஸ் முறை, ரோமை முறை, இங்கிலாந்தின் சாரம் முறை என்று. ஆனால் ஆங்கிலேயர் வாங்குவதற்காக ப்ரூஷில் செய்து கப்பலேற்றிய நூல்களும் நிறைய. அதனால் செபமுறை வாங்கியவரின் ஊரைச் சொல்லும், ஓவிய நடை செய்தவரின் ஊரைச் சொல்லும். மரியன்னைக்கான நீண்ட செபங்களில் 'உம் அடியேன்' என்ற லத்தீன் சொல் பெண்பாலில் இருந்தால் அது பெண்ணுக்காக எழுதியது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

அலங்காரத்துக்கு வாங்கி வைத்தார்களா, நிஜமாகவே செபித்தார்களா?

இதற்கு விடைதான் கறை. தோல்தாளில் விரல் பட்டால் எண்ணெயும் அழுக்கும் தங்கும், எளிதில் போகாது. கேத்ரின் ரூடி என்ற ஆய்வாளர் ஒளி அடர்த்தியை அளக்கும் கருவியைக் கொண்டு பக்க ஓரங்களின் கறையை அளந்து, அந்த ஆய்வை 2010-இல் வெளியிட்டார். எந்தச் செபத்தை மறுபடி மறுபடித் திறந்தார்கள், எதைத் தொடவே இல்லை என்பது எண்ணாகத் தெரிந்தது. பாவத் தண்டனைக் குறைப்பு உறுதி சொன்ன செபங்களின் பக்கங்களும், கொள்ளைநோய்க்குச் செபஸ்தியாரை வேண்டும் பக்கமும் கறுத்துப்போயிருந்தன.

சில படங்களில் புனிதரின் முகம் மட்டும் தேய்ந்திருக்கும், முத்தமிட்டும் தடவியும். சில பக்கங்களில் வரிசையாக ஊசித் துளை, வட்டமான தடம். திருத்தலப் பயணத்தில் வாங்கிய சிறு உலோக முத்திரைகளை அங்கே தைத்து வைத்திருந்தார்கள்.

குடும்பக் குறிப்பேடும் இதுவே. இங்கிலாந்தின் மூன்றாம் ரிச்சர்ட், லாம்பெத் அரண்மனை நூலகத்தில் இப்போதுள்ள தன் நூலின் நாட்காட்டியில், அக்டோபர் 2-இல், 1452-இல் அந்த நாளில் தான் பிறந்ததைக் கைப்பட எழுதினார். எட்டாம் ஹென்றி ஒரு நூலில், காயங்களோடு நிற்கும் கிறிஸ்துவின் படத்துக்குக் கீழே, பின்னால் தன் மனைவியான ஆன் பொலினுக்குப் பிரெஞ்சில் காதல் குறிப்பு எழுதினார். ஆன் பதில் எழுதத் தேர்ந்த பக்கம் எது தெரியுமா? வானதூதர் மரியாவிடம் உனக்கு மகன் பிறப்பான் என்று சொல்லும் பக்கம். நான் உங்களிடம் அன்பும் பரிவுமாக இருப்பேன் என்ற பொருளில் இரண்டு வரி. வாரிசுக்காகத் தவித்த அரசனுக்கு எந்தப் படத்துக்குக் கீழே எழுதுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சில பெயர்கள் சுரண்டப்பட்டிருப்பது ஏன்?

1538-இல் எட்டாம் ஹென்றி, முந்தைய அரசர் ஒருவரை எதிர்த்துக் கொல்லப்பட்டுப் புனிதரான கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட்டின் பெயரையும் படத்தையும் எல்லா நூல்களிலிருந்தும் நீக்க ஆணையிட்டார். போப் என்ற சொல்லும் போனது. இங்கிலாந்து நாட்காட்டிகளில் பெக்கெட்டின் திருநாளான டிசம்பர் 29-ஐப் பாருங்கள். சிலர் தோலே கிழியும்படி சுரண்டியிருக்கிறார்கள். சிலர் மெல்லிய ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறார்கள்; அடியில் இருக்கும் பெயரை இன்றும் படிக்கலாம். ஆணைக்கும் கீழ்ப்படிந்தாயிற்று, புனிதரையும் விடவில்லை.

அச்சு வந்ததும் இவை நின்றுபோயினவா?

உடனே இல்லை. 1480-களிலிருந்து பாரிசில் அன்த்வான் வெரார், பிலிப் பிகூஷே போன்றவர்கள் அச்சிட்ட செபநூல்களைக் குவித்தார்கள். சிலவற்றைத் தோலிலேயே அச்சிட்டு, கையால் நிறமும் பொன்னும் தீட்டினார்கள். கையெழுத்துச் சுவடி மாதிரியே இருக்க வேண்டும் என்பதுதான் வாங்குபவரின் விருப்பம். லண்டன் கோபுரச் சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருந்த, எட்டாம் ஹென்றியின் முன்னாள் அமைச்சர் தாமஸ் மோர், 1530-இல் பாரிசில் அச்சிட்ட ஒரு செபநூலைத்தான் வைத்திருந்தார். உலகப் பற்றை விட அருள் கேட்டு ஒரு செபத்தை, வேளைச் செபங்களின் மேலும் கீழுமிருந்த வெற்றிடத்தில் எழுதினார். 1535 சூலை 6-இல் தலை வெட்டப்பட்டது. அந்த நூல் இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

தனித்தாள் விலைக்கு வருகிறதே, வாங்கலாமா?

வேண்டாம் என்பேன். ஒரு நூலாக இருந்ததை வெட்டிப் பிரித்தால்தான் தனித்தாள் வரும். 15-ஆம் நூற்றாண்டில் ழான் ஃபூக்கே, எத்தியேன் ஷெவாலியேவுக்காக வரைந்த நூல் இப்படிப் போனதுதான். 40 படங்கள் ஷான்டியியில், மற்றவை சிதறிக் கிடக்கின்றன. 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஓட்டோ ஈகே என்பவர் எத்தனையோ சுவடிகளைப் பிரித்துத் தாள்தாளாக விற்றார். ஏழைப் பள்ளிகளுக்கும் ஒரு தாள் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணம் அவருக்கு இருந்திருக்கலாம். ஆனால் நாட்காட்டி ஓர் ஊரில், மாட்டின்ஸ் இன்னொரு ஊரில் கிடந்தால் அந்த நூலை வைத்திருந்தவர் யார் என்பது போயே போய்விடும். வெட்டிய தாளை வாங்க ஆள் இருக்கும் வரை வெட்டுவதும் நடக்கும்.

வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா? எங்கே ஆரம்பிப்பது?

முடியும். மார்கன் நூலகம், மெட்ரோபாலிட்டன், பிரான்சின் தேசிய நூலகத்தின் கல்லிகா தளம், பால்டிமோரின் வால்டர்ஸ் அருங்காட்சியகம் எல்லாம் இலவசமாக, பெரிதாக்கிப் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. புகழ்பெற்றவற்றைப் பார்த்து முடித்ததும், வால்டர்ஸ் தளத்தில் பெயரில்லாத ஒரு 15-ஆம் நூற்றாண்டு நூலைத் திறங்கள். நாட்காட்டியில் சிவப்பில் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். எதிர்ப்பக்கத்தில் படத்தின் நிழல் பதிந்திருக்கிறதா பாருங்கள்; பல காலம் மூடி அழுந்தியதால் வருவது அது.

பிறகு மாட்டின்சின் முதல் பக்கத்துக்குப் போங்கள். லத்தீனில் எழுதிய எந்த நூலிலும் அது 'டி' என்ற பெரிய எழுத்தில்தான் தொடங்கும்: 'தோமினே லாபியா மேயா அபேரியெஸ்', ஆண்டவரே, என் உதடுகளைத் திறந்தருளும். அங்கிருந்து கண்ணைக் கீழே இறக்கி, வெளி ஓரத்தின் மூலையைப் பெரிதாக்குங்கள். கட்டைவிரல் வைக்கும் இடம் அது.